கை தட்டியவனை என்ன செய்வது?

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் செயற்குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. வாசகர்கள் பலர் கேட்டதால் எழுத்து வடிவில் வெளியிடுகிறோம்.)



எனக்கு முன்னால் பேசிய இரண்டு தோழர்களும் கோபமாகப் பேசினார்கள். அந்தக் கோபத்தை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. 2025 ஏப்ரல் 22ஆம் தேதி பஹல்காமில் 26 உயிர்கள் போயின. ஊர் சுற்றிப் பார்க்கப் போனவர்கள் பெண்டு பிள்ளைகள் கண்ணெதிரே சுடப்பட்டார்கள். அந்தக் கோபத்தோடுதான் அந்த ஆண்டு செப்டம்பர் 28ஆம் தேதி இரவு நம் சங்க அறையில் டிவி முன்னால் எல்லாரும் உட்கார்ந்தோம். துபாயில் ஆசியக் கோப்பை இறுதிப் போட்டி.

அன்று நடந்ததை எல்லாரும் பார்த்தீர்கள். பாகிஸ்தான் 146 ரன்னுக்குச் சுருண்டது. நாம் ஆட வந்ததும் 20 ரன்னுக்குள் மூன்று விக்கெட் போயிற்று. இரண்டாவது விக்கெட்டாக நம் கேப்டன் அடித்த பந்தை அவர்கள் கேப்டன் பாய்ந்து பிடித்தபோது, பின் வரிசையில் நின்ற ஒரு பையன் கை தட்டினான். யார் பையன் என்று உங்களுக்குத் தெரியும். அவன் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் ஷெட்டில் வேலை செய்தவர். அவன் அப்பா இந்தச் சங்கத்துக்குப் பல வருஷம் சந்தா கட்டியவர். பையனைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியது நம் ஆட்கள்தான். வெளியார் யாரும் இல்லை. கடைசியில் திலக் வர்மா 69 ரன் அடித்து நாம் ஜெயித்தோம். ஆனால் அந்தப் பையன் அதைப் பார்க்கவில்லை.

இப்போது தீர்மானம் வந்திருக்கிறது. "பகை நாட்டு அணியின் வெற்றியைக் கொண்டாடுவோர்க்குச் சங்கத்தில் இடமில்லை, அந்தக் குடும்பத்தின் பெயரை நீக்க வேண்டும்" என்று. விஷயம் வீட்டுக்காரர் காதுக்கும் போய், அவரும் அறையைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார். இந்தத் தீர்மானத்தை எதிர்த்துப் பேசத்தான் நான் எழுந்தேன்.

முதலில் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். அந்தப் பையன் கொண்டாடியது வெற்றியையா, ஒரு நல்ல கேட்சையா? நல்ல கேட்சுக்குக் கை தட்டுவது பார்க்கிறவன் கடமை என்று நான் நினைக்கிறேன். சரி, வாதத்துக்காக வெற்றியைத்தான் கொண்டாடினான் என்றே வைத்துக்கொள்வோம். அதையும் பேசித் தீர்ப்போம்.

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சென்னை சேப்பாக்கம் மைதானம். அதற்குச் சில வாரம் முன்புதான் பாகிஸ்தான் அணி வரக்கூடாது என்று டெல்லி கோட்லா மைதானத்தின் ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நான் அப்போது பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பையன். 90 அடி ரோட்டில் ஒரு சலூனில் நின்றபடியே பார்த்தேன். ஜெயிக்க 271 வேண்டும். 82க்கு ஐந்து விக்கெட் போயாயிற்று. சச்சின் முதுகு வலியோடு நின்று 136 அடித்தார். இன்னும் 17 ரன்தான் பாக்கி என்கிற நேரத்தில் சக்லைன் பந்தில் தூக்கியடித்து அவுட்டானார். மிச்சம் இருந்த மூன்று பேர் நாலு ரன்னில் போனார்கள். 12 ரன்னில் தோற்றோம். சலூனில் ஒருவரும் பேசவில்லை. பாதிச் சவரம் செய்துகொண்டவர் நுரையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

டிவியில் பார்த்தால் மைதானமும் ஊமையாக இருக்கிறது. பிறகு மெல்ல ஒரு பக்கம் கை தட்டல் கேட்டது. மறு பக்கம் கேட்டது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள். வாசிம் அக்ரமும் அவருடைய ஆட்களும் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். தோற்ற ஊர் ஜெயித்தவனுக்கு எழுந்து நின்று மரியாதை செய்தது. அந்த ஊர்க்காரர்கள் நாம் என்று சொல்லி இந்த மும்பையில் எத்தனை தடவை பெருமை பேசியிருக்கிறோம்! ஆபீஸில் யாராவது 'மதராசி' என்று கிண்டல் செய்தால், நான் முதலில் எடுத்து வீசுவது சேப்பாக்கம் கதைதான். அதே நாம் நம் சங்க அறையில் ஒரு பதினாறு வயதுப் பையனின் சட்டையைப் பிடித்தோம்.

"அது ஆட்டத்தை ரசித்தது, இது எதிரிக்குச் சந்தோஷப்பட்டது" என்று தோழர் இங்கிருந்து குரல் கொடுக்கிறார். நல்லது. அந்த வேறுபாடு மனசுக்குள் இருக்கிறது தோழரே. கை தட்டும் சத்தத்தில் இல்லை. மனசுக்குள் இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? பெயரை வைத்து. அந்தப் பையன் பெயர் முருகனாக இருந்தால் "போடா கிறுக்கா" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைப் பார்த்திருப்போம். இதை நெஞ்சில் கை வைத்து இல்லை என்று சொல்லுங்கள், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

2010 ஐ.பி.எல். இறுதிப் போட்டி நவி மும்பையில் நடந்தது. மும்பையைச் சென்னை தோற்கடித்தது. அன்று இரவு நம் சந்தில் வெடித்த வெடி எவ்வளவு? மும்பைச் சோற்றைத் தின்றுகொண்டு, மும்பை மண்ணில் நின்றுகொண்டு, மும்பை தோற்றதற்கு வெடி போட்டோம். மறுநாள் குழாயடியில் மராத்தித் தாய்மார்கள் நம் பெண்களைக் கேலி செய்தார்கள், நம் பெண்களும் விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வளவோடு முடிந்தது. யாரும் வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. பிறகு 2013, 2015, 2019 மூன்று இறுதிப் போட்டியிலும் அவர்கள் ஜெயித்து நமக்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்கள், அது வேறு விஷயம்.

ஆனால் எப்போதும் இப்படிச் சிரிப்போடு முடிந்ததில்லை. 1966ல் சிவசேனை தொடங்கியபின் இந்த நகரத்தில் லுங்கி கட்டியவனைப் பார்த்து முழக்கம் போட்டார்கள். தென்னாட்டார் ஓட்டல்களையும் கடைகளையும் தாக்கினார்கள். நம் பெரியவர்களிடம் கேட்ட கேள்வி என்ன? "நீ எந்தப் பக்கம்?" பிழைக்க வந்தவனிடம் எந்த ஊரிலும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். 1990ல் இங்கிலாந்தில் நார்மன் டெபிட் என்ற கன்சர்வேடிவ் தலைவர், குடியேறி வந்தவர்கள் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் கை தட்டுகிறார்கள் என்பதை வைத்து விசுவாசத்தை அளக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். அங்கே போன இந்தியர்கள் இந்தியாவுக்குத்தான் தட்டினார்கள். நாம் அவர்களைத் துரோகி என்றோமா? பாசமுள்ள பிள்ளைகள் என்று மெச்சினோம்.

நான் ரயில்வே சம்பளம் வாங்குகிறவன். 1987-88ல் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வாங்கியது யாரைத் தோற்கடித்து? ரயில்வே அணியை. அந்தக் காலத்து ரயில்வேத் தமிழர்கள் எந்தப் பக்கம் தட்டியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக யாருக்கும் சார்ஜ் ஷீட் வரவில்லை.

"ஊர்ப் போட்டி வேறு, பகை நாடு வேறு" என்பது அடுத்த வாதம். இதில் விஷயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். குண்டு வெடித்த நாட்டோடு நமக்கு என்ன விளையாட்டு என்று கேட்கிறவனை நான் மதிக்கிறேன். ஆனால் ஆட அனுமதித்தது யார்? அரசாங்கம். ஆடியது யார்? நம் அணி. செப்டம்பரில் ஒரே போட்டித் தொடரில் மூன்று தடவை ஆடினார்கள். கை குலுக்க மாட்டோம் என்றார்கள், அவர்கள் நாட்டு மந்திரி கையால் கோப்பை வாங்க மாட்டோம் என்றார்கள், ஆனால் ஆடாமல் இருக்கவில்லை. ஓவருக்கு ஓவர் விளம்பரம் விற்றார்கள். ஆடியது துரோகம் இல்லை, அதை விற்றுக் காசு பார்த்தது துரோகம் இல்லை, காசு கொடுத்துப் பார்த்தவன் இரண்டு கையைச் சேர்த்தால் மட்டும் துரோகமா? இது என்ன கணக்கு?

இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். 2017 ஜூன் 18ஆம் தேதி சாம்பியன்ஸ் டிராபி இறுதிப் போட்டியில் 180 ரன்னில் தோற்றோம். மத்தியப் பிரதேசம் புர்ஹான்பூர் மாவட்டத்தில் மோஹத் என்று ஒரு கிராமம். அங்கே வெடி வெடித்தார்கள் என்று ஏழை முஸ்லிம்களைப் பிடித்து ராஜத் துரோக வழக்குப் போட்டார்கள். புகார் கொடுத்தவர் என்று காட்டப்பட்ட ஆளே, "நான் அப்படிப் புகார் கொடுக்கவில்லை" என்றார். ராஜத் துரோகப் பிரிவை எடுத்துவிட்டு வேறு பிரிவைப் போட்டார்கள். 2023ல் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆறு வருஷம்! கூலிக்காரனுக்கு ஆறு வருஷக் கோர்ட் வாய்தா என்றால் என்ன என்று இங்கே இருக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டாம்.

2021 அக்டோபர் 24ஆம் தேதி துபாயில் பாகிஸ்தான் விக்கெட் இழக்காமல் ஜெயித்தது. ஆக்ராவில் மூன்று காஷ்மீர் மாணவர்கள் சந்தோஷப்பட்டுச் செய்தி அனுப்பினார்கள் என்று சிறையில் போட்டார்கள். அந்த ஊர் வக்கீல்கள் வாதாட மறுத்தார்கள். ஜாமீன் கிடைத்தது 2022 மார்ச்சில். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற தீபக் குப்தா அந்தச் சமயத்தில், இது ராஜத் துரோகம் ஆகவே ஆகாது என்று வெளிப்படையாகச் சொன்னார்.

இன்னொன்று நம் மாநிலத்திலேயே நடந்தது. 2025 பிப்ரவரி 23, இந்தியா பாகிஸ்தானை ஜெயித்த நாள். ஜெயித்த நாள் என்பதைக் கவனியுங்கள்! கொங்கணக் கரையில் மால்வண் ஊரில் ஒரு பங்கார் கடைக்காரர். வெளி மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர். அவருடைய பதினைந்து வயதுகூட ஆகாத மகன் இந்தியாவுக்கு எதிராகக் கோஷம் போட்டான் என்று ஒருவர் புகார் சொன்னார். தகப்பனையும் தாயையும் கைது செய்தார்கள். மறுநாளே நகராட்சி வந்து கடையை இடித்துவிட்டது. அனுமதி இல்லாத கட்டடமாம். தோழர்களே, நம் பேட்டையில் எத்தனை பங்கார் கடை அனுமதிக் காகிதத்தோடு நிற்கிறது? எண்ணிப் பாருங்கள். நாளைக்கு ஒருவன் நம் பிள்ளையைக் கை காட்டினால், புல்டோசர் பெயரைக் கேட்டுவிட்டா இடிக்கும்?

இப்போது என்னைப் பற்றிய ஒரு கேள்வி. கூட்டம் தொடங்கும் முன் ஒரு நண்பர் கேட்டார்: "2013ல் இலங்கை ஆட்டக்காரர்கள் சென்னையில் ஆடக் கூடாது என்று கையெழுத்து வாங்கியது நீங்கள்தானே?" ஆமாம், நான்தான். முள்ளிவாய்க்கால் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது. சென்னை ஆட்டங்களில் அவர்கள் இல்லை என்று முடிவானபோது நானும் மகிழ்ந்தேன். ஒரு அரசோடு ஆட மாட்டோம் என்று சொல்லும் உரிமையை இன்றைக்கும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தின வருஷம் பந்தாட வந்த இலங்கைப் பள்ளிப் பிள்ளைகளைத் தமிழ்நாட்டிலிருந்து திருப்பி அனுப்பினார்களே, அப்போதும் நான் சும்மாதான் இருந்தேன். முரளிதரன் பந்து போட்டபோது நம்மில் பாதிப் பேர் தட்டினோம், பாதிப் பேர் தட்டவில்லை. தட்டியவனைத் தட்டாதவன் சங்கத்தை விட்டு நீக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் விஷயத்தில் நான் செய்தது சரியில்லை. அதை இந்த மேடையில் சொல்லாமல் இந்தத் தீர்மானத்தை எதிர்க்க எனக்கு வாய் வராது.

அதற்காக எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. நாம் தோற்ற இரவில், அக்கம்பக்கத்தான் வயிறெரிய வேண்டும் என்றே ஒருவன் வெடி போட்டால், அவன் என் மகனாக இருந்தாலும் காதைத் திருகுவேன். இழவு வீட்டு வாசலில் மேளம் அடிக்கிற வேலை அது. காதைத் திருகுவது பெரியவர்கள் வேலை. போலீஸ் வேலையும் இல்லை, வீட்டுக்காரர் வேலையும் இல்லை, பொதுக்குழுத் தீர்மானத்தின் வேலையும் இல்லை.

2024 ஆகஸ்ட் 8ஆம் தேதி பாரிஸில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினார். நம் நீரஜ் சோப்ராவுக்கு வெள்ளி. நீரஜின் தாயாரிடம் கேட்டபோது, தங்கம் வாங்கியவனும் எங்கள் பிள்ளைதான் என்றார். ஹரியானாவில் ஒரு விவசாயக் குடும்பத்துத் தாய். பெற்ற மகன் தோற்ற நாளில் அப்படிச் சொன்னார். அந்தக் குடும்பத்தின் பெயரை எந்தப் பட்டியலிலிருந்து நீக்குவது?

தலைவர் அவர்களே, தீர்மானம் கொண்டுவந்த தோழர்கள் அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மறுத்தால் ஓட்டுக்கு விடுங்கள், நான் எதிர்த்துக் கை தூக்குவேன். அந்தப் பையனின் அப்பா இன்றைக்குக் கூட்டத்துக்கு வரவில்லை. நாமே போய்க் கூப்பிட வேண்டும். வீட்டுக்காரரிடமும் பேச வேண்டியிருக்கிறது, இந்த மாதக் கடைசி வரைக்கும்தான் தவணை கொடுத்திருக்கிறார். நாளை சாயங்காலம் ஆறரை மணிக்கு டியூட்டி முடிந்து நான் நேராக அவர் கடைக்குப் போகிறேன். தனியாகப் போனால் ஒரு எழுத்தரின் பேச்சு, பத்துப் பேராகப் போனால் சங்கத்தின் பேச்சு. வருகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். அன்று சட்டையைப் பிடித்த தோழர் முதல் பெயராகக் கொடுத்தால் எனக்குச் சந்தோஷம்.