தன்னை உரைக்கும் மடல்



திருவேங்கடத்திற்கு அண்மையிலுள்ள கழுகுமலைப் பாறையில், தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. இன்ன ஊரினர், இன்னாருடைய மாணாக்கர் செய்வித்த திருமேனி என்னும் அளவில் அவற்றுள் பல முடிந்துவிடுகின்றன. புகழுரை இல்லை. எவ்வூரிலிருந்து வந்தார், யாரிடம் கற்றார், என்ன செய்தார் என்பன மட்டுமே உள. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மற்றொன்றிற்கு மாற விழையும் மாணாக்கர் எழுதும் தன்விளக்கக் கட்டுரைக்கும் இவையே அடித்தளம்.

கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் பயின்றும், கணிதம் ஒழிந்த பாடங்களில் நாட்டமின்றி எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர் சீனிவாச இராமானுசன். அவர் 1913 சனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு மடல் வரைந்தார். சென்னைத் துறைமுகக் கழகத்தில் ஆண்டுக்கு 20 பவுன் ஊதியம் பெறும் எழுத்தர் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்பதையும் தொடக்கத்திலேயே கூறினார். தம் வறுமையையும் மறைத்தாரில்லை. ஆயினும் இரக்கத்தை மட்டும் நம்பாமல், தாம் கண்ட தேற்றங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை உடன் இணைத்தார். முன்னரே வேறு பேராசிரியர்க்கு எழுதிப் பயன் காணாதவர் அவர். இம்முறை கதவு திறந்தது. அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1914இல் அவர் டிரினிட்டி கல்லூரியை அடைந்தார். 1916இல் ஆய்வின்வழிப் பட்டமும் பெற்றார்.

இன்று பிரித்தானியாவில் இளநிலைப் படிப்பிற்கு யூகாஸ் அமைப்பின்வழி விண்ணப்பிப்போர், 2026ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் மூன்று வினாக்களுக்கு விடை எழுதுகின்றனர். இத்துறையை ஏன் நாடுகிறீர், இதுவரை கற்ற கல்வி எவ்வாறு ஆயத்தப்படுத்தியது, கல்விக்கு வெளியே செய்தவை யாவை என்பனவே அவை. இடைவெளிகளையும் சேர்த்து 4000 குறிகளுக்குள் அனைத்தும் அடங்குதல் வேண்டும்.

இடையில் கல்லூரி மாறுவோர்க்கு மற்றுமொரு கடன் உண்டு. பழைய கல்லூரியை இகழ்ந்தெழுதினால், எழுதியவர்தம் குறையே வெளிப்படும். அங்குக் கற்றது இது, அங்குக் கிடைக்காதது இது, நாடும் துறையில் உள்ள இன்ன பாடம் அதனை நிறைவு செய்யும் என்று பெயர் சுட்டி எழுதுக. ஒரு பருவத்தில் தேர்ச்சி தவறியிருந்தால், காரணத்தையும் பின்னர் மீண்ட வகையையும் இரண்டு வரியில் கூறுக. மதிப்பெண் பட்டியல் காட்டிவிடும் உண்மையைக் கட்டுரை மறைத்துப் பயனில்லை.

கூலிக்கு எழுதுவோரும், நொடியில் எழுதித் தரும் கணினிச் செயலிகளும் இன்று எளிதிற் கிடைப்பர். பெற்றோர் சிலரும் பிள்ளையின் நலங்கருதி அவ்வழியை நாடுகின்றனர். கடன் வாங்கிய சொற்களால் பெற்ற இடத்தில், நேர்காணலின்போது அப்பிள்ளை தன் கட்டுரைக்கே பொருள் சொல்ல இயலாது திகைக்கும். பிழை திருத்தித் தருதல் துணை. பிறர் வாழ்வைப் பிள்ளையின் பெயரில் எழுதித் தருதல் பொய். வாய்மையை விரதமாகக் கொண்ட குடும்பங்களுக்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகவே பிள்ளைகள் தாமே எழுதட்டும். பெற்றோர் அருகிருந்து கேட்கட்டும். முதல் வரைவு கரடுமுரடாயினும், அது அவர்தம் வரைவாக இருக்கும். வாழ்க கல்வி, வளர்க அறம்.