விசைக்குப் பணி வகுப்போர் யார்?

(பொழிவுரை)



கணிப்பொறியின் விசைப்பலகையில் 'அ' என்று பொறித்த விசையை ஒருவர் அழுத்துகின்றார். திரையில் 'அ' தோன்றுகின்றது. விசைக்குள்ளே 'அ' இருந்தது, அஃது வெளியே வந்தது என்றே அழுத்தியவர் எண்ணுகின்றார். உண்மையில் எந்த விசைக்குள்ளும் எந்த எழுத்தும் இல்லை. அழுத்தப்பெற்ற விசை தனக்குரிய எண் ஒன்றை மட்டுமே உள்ளே அனுப்புகின்றது. அவ்வெண் வந்தால் இன்னது செய்க என்று எழுதி வைத்த பட்டியல் ஒன்று உள்ளே இருக்கின்றது. எழுத்தை இடுக என்று அதில் இருந்தால் எழுத்து விழும். வரியை நீக்குக என்று இருந்தால் வரி போகும். விசையின் மேல் பொறித்திருப்பது வெறும் பெயர்ப்பலகையே. அப்பட்டியலை எழுதும் கோல் யார் கையில் இருக்கின்றது? இவ்வுரை அவ்வினாவைப் பற்றியது.

அமெரிக்காவின் மாசாசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் 1960-களின் தொடக்கத்தில் 'தெக்கோ' என்னும் உரைதிருத்தி உருவாயிற்று. உரைதிருத்தியாவது, கணிப்பொறியில் எழுதவும் திருத்தவும் பயன்படும் மென்பொருள். தெக்கோவில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளை. ஒருவர் தம் பெயரை அதில் தட்டினால் எழுதிய உரைக்கு என்ன கேடு விளையும் என்று கணித்துப் பார்ப்பதே அந்நாளைய நிரலர்க்கு ஒரு விளையாட்டாக இருந்தது. பின்னர் அக்கழகத்தின் செயற்கை அறிவாய்வகத்தில் இருந்த இரிச்சர்டு சுடால்மன், எந்த விசைக்கும் பயன்படுத்துவோரே ஒரு பணியை வகுத்துக்கொள்ளலாம் என்னும் ஏற்பாட்டைத் தெக்கோவில் செய்தார்.

அதன் விளைவைக் கேளுங்கள். ஆய்வகத்தில் இருந்தோர் ஆளுக்கொரு பட்டியல் எழுதினர். ஒருவர் விசையில் சொல்லை நீக்கும் கட்டளை இருந்தது. அதே விசையில் மற்றொருவர் பத்தியைச் சீராக்கும் கட்டளையை வைத்தார். ஒருவர் இருக்கையில் மற்றொருவர் அமர்ந்து ஒரு வரியைத் திருத்துவதும் அரிதாயிற்று. கட்டற்ற உரிமை வாய்த்தது. ஆனால் பொதுமை அழிந்தது. இதனைக் கண்டு, சிதறிக் கிடந்த பட்டியல்களைத் திரட்டி ஒருமுகப்படுத்தும் பணியைக் கய் சுடீல் என்பார் தொடங்கினார். சுடால்மன் அதனை மேற்கொண்டு நிறைவேற்றினார். 1976-ஆம் ஆண்டில் இவ்வாறு பிறந்ததே 'ஈமாக்சு' என்னும் உரைதிருத்தி. எல்லார்க்கும் பொதுவான ஒரு பட்டியல் அதில் அமைந்தது. அப்பட்டியலின் எந்த வரியையும் மாற்றிக்கொள்ளும் உரிமையும் உடனிருந்தது.

வணிக நிறுவனங்கள் சென்ற வழி வேறு. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியின் பலகையில், இடப்பக்கத்தே, எஃப்1 முதல் எஃப்10 வரை பத்து விசைகள் இரண்டு நிரல்களாக நின்றன. எழுத்தில்லாத, எண்ணில்லாத கூடுதல் விசைகள் இவை. பிற்காலப் பலகைகளில் இவை பன்னிரண்டாகி மேல்வரிசைக்குச் சென்றன. வேர்டுபெர்பெக்டு என்னும் எழுத்து மென்பொருள் அவ்விசை ஒவ்வொன்றின் மேலும் நான்கு பணிகளை ஏற்றியது: தனியே அழுத்தினால் ஒன்று, துணைவிசைகள் மூன்றில் ஒவ்வொன்றுடனும் சேர்த்து அழுத்தினால் ஒவ்வொன்று. பத்து விசைக்கு நாற்பது பணி! நாற்பதையும் நினைவில் வைத்தல் எவர்க்கும் எளிதன்று. ஆகவே, கருப்பும் சிவப்பும் பச்சையும் நீலமுமாக அச்சிட்ட ஓர் அட்டையை விசைகளைச் சுற்றிப் பொருத்திக்கொள்ள நேர்ந்தது. உதவி கேட்கும் விசை பல மென்பொருள்களில் எஃப்1, இதிலோ எஃப்3. பட்டியலை எழுதியவர் ஒருவர். அதனை மனப்பாடம் செய்தவர் மற்றொருவர்.

குனு திட்டத்தின் ஈமாக்சு இதற்கொரு நல்ல நெறியை வகுத்திருக்கின்றது. எஃப்5 முதல் எஃப்9 வரை உள்ள ஐந்து விசைகளையும் துணைவிசை சேராத நிலையில் பயன்படுத்துவோர்க்கென்றே விட்டுவைக்க வேண்டும் என்பது அந்நெறி. கட்டுப்பாட்டு விசையுடன் 'சி'யை அழுத்திப் பின் ஓர் ஆங்கில எழுத்தை அழுத்தும் கோவைகளும் அவ்வாறே விலக்கி வைக்கப்பெற்றுள்ளன. ஈமாக்சுக்குத் துணை நிரல் எழுதுவோர் இவற்றைத் தொடலாகாது. ஊருக்குப் பொதுவான தெருக்களை ஒழுங்குறப் போட்டுவிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னே ஒரு கொல்லையை விட்டது போன்றது இது. கொல்லையில் கத்தரி நடுவதா கனகாம்பரம் நடுவதா என்பதை வீட்டார் முடிவு செய்வர்.

ஆயினும் அவ்வைந்தையும் வெறுமனே விட்டிருப்போரே பெரும்பாலோர். தமிழில் எழுதுவோர்க்கு இவ்விசைகளால் தனிப்பட்ட பயன் ஒன்று உண்டு. விசைப்பலகை முழுவதையும் இயங்குதளத்திலேயே தமிழுக்கு மாற்றிவிட்டு ஈமாக்சில் எழுதுவோரைப் பாருங்கள். எழுத்து தமிழில் நன்றாக விழும். ஆனால், கோப்பைச் சேமிக்கக் கட்டுப்பாட்டு விசையுடன் ஆங்கில எழுத்து விசையை அழுத்தும்போது, அவ்விசை தமிழெழுத்தாகவே உள்ளே செல்லும். அப்படி ஒரு கட்டளை பட்டியலில் இல்லை என்று திருத்தி மறுத்துவிடும். உடனே பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிச் சேமித்து, மீண்டும் தமிழுக்கு வரவேண்டும். ஒரு பக்கம் எழுதுவதற்குள் இருபது முறை இவ்வலைச்சல். தமிழ் கணிப்பொறிக்கு ஒத்துவராது என்று சலித்துக்கொண்டோர் சிலர்க்கு உண்மையில் ஒத்துவராதது இப்பட்டியலேயாகும். எஃப் விசைகளிலோ எந்த மொழியின் எழுத்தும் இல்லை. பலகை தமிழில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் எஃப்5 என்பது எஃப்5-தான். சேமிக்கும் கட்டளையை அதற்கு வகுத்துவிட்டால் மேற்சொன்ன அலைச்சலில் பெரும்பங்கு அன்றே தீரும்.

ஈமாக்சுக்குள்ளேயே தமிழ் உள்ளீட்டு முறைகள் உள்ளன. அவற்றைக் கொள்வோர்க்குக் கட்டளைக் கோவைகள் கெடுவதில்லை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற அங்கே கட்டுப்பாட்டு விசையுடன் பின்சாய்கோட்டை அழுத்த வேண்டும். அகரமுதலி தொகுப்போர் வரிக்கு இருமுறை மாறுவர். அம்மாற்றத்தை எஃப்6-இல் வைத்தால் ஒரு விரலால் முடியும்.

பணி வகுப்பது கடினமன்று. ஈமாக்சு திறக்கும்போது முதலில் படிக்கும் தொடக்கக் கோப்பில், இன்ன விசைக்கு இன்ன கட்டளை என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதுமுன் அவ்விசை ஏற்கெனவே ஏதேனும் பணி செய்கின்றதா என்று பார்த்தல் வேண்டும்: கட்டுப்பாட்டு விசையுடன் 'எச்', அதன்பின் 'கே', அதன்பின் ஐயத்துக்குரிய விசை, திருத்தியே விடை கூறும். கட்டளைப் பெயரும் தெரியாதோர்க்கு எஃப்3, எஃப்4 இரண்டும் துணை. எஃப்3-ஐ அழுத்திச் செய்ய வேண்டியதை ஒருமுறை கையால் செய்து, எஃப்4-ஐ அழுத்தினால் பதிவு முடியும். மீண்டும் எஃப்4-ஐ அழுத்துந்தோறும் அதே செயல் நிகழும். அடுத்த நாளும் தேவையெனில் அப்பதிவுக்குப் பெயரிட்டுக் கோப்பில் எழுதி எஃப்7-க்கு வகுத்துக்கொள்ளலாம்.

எதை வகுப்பது? ஒரு கிழமை தம் கை எதனைத் திரும்பத் திரும்பச் செய்கின்றது என்று பார்த்தவர்க்கே விடை தெரியும். பிறர் கோப்பை அப்படியே படியெடுத்து முப்பது விசைகளை நிரப்பி, மூன்றை மட்டும் பயன்படுத்தி, மற்றவற்றைத் தவறி அழுத்தித் துன்புறுவோர் உளர். ஐந்தில் இரண்டை நிரப்பினாலும் போதும்.

உடல்நலம் பற்றிய ஒரு செய்தியும் இங்கு உண்டு. அவ்வாய்வகத்தின் பழைய பலகைகளில் கட்டுப்பாட்டு விசை இடைவெளிப் பட்டைக்கு அருகே, கட்டைவிரல் எட்டும் தொலைவில் இருந்தது. ஈமாக்சின் பட்டியல் அப்பலகைகளின் காலத்தது. இன்றைய பலகைகளில் அவ்விசை மூலைக்குப் போய்விட்டது, பட்டியலோ மாறவில்லை. சுமை முழுவதும் சுண்டுவிரல் மேல் விழுந்து, பலர் விரல் நோவுக்கு ஆளாயினர். பெரிய எழுத்துப் பூட்டு விசையைக் கட்டுப்பாட்டு விசையாக மாற்றிக்கொள்வது அவர்கள் கண்ட வழி. இதனை உரைதிருத்தியில் அன்று, இயங்குதளத்தில் செய்தல் வேண்டும். ஆங்கிலம் எழுதுவோர் சிறிது தயங்கலாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடே இல்லாத தமிழில் எழுதுவோர்க்கு அப்பூட்டு எதற்கு?

தொடக்கக் கோப்பைப் படியெடுத்து வேறிடத்திலும் வைத்துக்கொள்க. பிறர் கணிப்பொறியில் எழுத நேர்ந்தால் அவர் கோப்பைத் திருத்த வேண்டா. அவருடைய தொடக்கக் கோப்பைப் படிக்காமல் தம் கோப்பை மட்டும் ஏற்றிக்கொண்டு திறக்க ஈமாக்சில் இடம் உண்டு. பணி முடிந்து மூடியபின், இருக்கைக்கு உரியவர் வந்து திறந்தால் அவர் விசைகள் அவர் வகுத்தவாறே இருக்கும்.