ஒளிந்து வாழும் கிருமி



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அறியாமையால் நாம் இழந்தவற்றுள் உயிர்களும் உண்டு. ஆதலின் இதுவும் கல்வியின்பாற் பட்டதே.

நம் உடலுக்குப் பிறவியிலேயே அமைந்த காவல் ஒன்றுண்டு. 1882ஆம் ஆண்டு, இத்தாலியின் மெசினா நகரில், மெச்னிக்காவ் என்னும் ரஷ்ய அறிஞர் நட்சத்திர மீனின் இளவுயிரியில் முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் அதனைச் சுற்றி நகரும் அணுக்கள் திரண்டிருந்தன. அத்தகைய விழுங்கணுக்கள் நம் குருதியிலும் நுரையீரலிலும் உள்ளன. கிருமியின் மேலுறைப் பொருள்களைக் கொண்டு அவை பகையை இனங்காண்கின்றன. விழுங்கிய கிருமியை ஒரு பையில் அடைத்து, செரிநீர் கொண்ட பையை அதனுடன் இணைத்து அழிக்கின்றன.

அதே 1882இல் இராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து பெர்லினில் அறிவித்தார். இக்கிருமியோ காவலை ஏய்ப்பதில் வல்லது. தன்னைக் காட்டிக்கொடுக்கும் பொருள்களை மெழுகு போன்ற கொழுப்பால் மூடிக்கொள்கிறது. விழுங்கப்பட்ட பின்னரும் இரு பைகளும் இணையாவண்ணம் தடுத்து, காவலனின் வயிற்றிலேயே குடியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்து, உடல் நலியுங்கால் தலைதூக்குகிறது.

மருந்துண்டால் சில வாரங்களில் இருமல் தணியும். ஒளிந்த கிருமிகளோ எஞ்சியிருக்கும். பொதுவாக 6 மாதம் மருந்துண்ணச் சொல்வது அதனாலேயே. இடையில் நிறுத்தினால் எஞ்சியவை பெருகும். மருந்துக்கு அடங்காதவையாகவும் மாறும்.

நம் மாணவன் ஒருவனின் தந்தை, ஊரறிந்தால் மகளுக்கு வரன் அமையாதென்று நோயை மறைத்தார். இருமல் நின்றதும் மருந்தையும் நிறுத்தினார். அடுத்த ஆண்டு அவர் இல்லை. மகன் படிப்பை விட்டுக் கூலிக்குப் போனான். மறைந்திருப்பது கிருமியின் படைக்கலம். நோயை மறைக்கும் நாம் அதற்கே துணைபோகிறோம்.

ஏழைக்கு இந்நோய் தீராதென்பதும் பொய். சென்னையில் 1956இல் தொடங்கிய ஆய்வு நிலையத்தின் முடிவுகள் 1959இல் வெளிவந்தன. சத்துணவும் ஓய்வும் குறைந்த ஏழை இல்லங்களில் இருந்தே மருந்துண்டவர்களும், மருத்துவ விடுதியில் தங்கியவர்களைப் போலவே குணமடைந்தனர். முறையாக உண்ட மருந்தே காத்தது.

இளைஞர்களே! இரண்டு வாரத்திற்கு மேல் இருமுபவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சளிப் பரிசோதனையும் மருந்தும் அங்கு இலவசம். கடைசி மாத்திரை வரை அவருக்குத் துணை நில்லுங்கள். நாம் கற்ற கல்வியின் பயன் அதுவே.