எடை குறைய முன்னேற்பாடு வேண்டும்

(பேராக்கில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில், தோட்டக் கிராணியும் சங்க ஊழியருமான ஒருவர் ஆற்றிய உரை)

 

சம்பளம், போனஸ், வீட்டு வசதி ஆகியவற்றைப் பற்றி நாம் இம்மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இனியும் பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சம்பளத்தைச் சம்பாதித்துக் கொடுக்கும் உடம்பைப் பற்றி நாம் கூடிப் பேசுவது மிகக் குறைவு. இன்று அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

2023ஆம் ஆண்டில் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 54 பேருக்கு எடை அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. 2019ஆம் ஆண்டு ஆய்வு, இனிப்புநீர் வியாதியைப் பற்றி அதைவிடக் கவலைதரும் செய்தியைச் சொன்னது. வயது வந்த மக்களில் நூற்றுக்கு 18 பேருக்கு அவ்வியாதி. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31 பேருக்கு! மூவரில் ஒருவர் என்று சொல்லும் நிலைக்கு நாம் வந்துவிட்டோம்.

தோழர்களே, பால் வெட்டுபவனுக்குக் காலும் கண்ணும்தான் முதல். இனிப்புநீர் முற்றினால் பாதம் மரத்துப் போகிறது. முள் குத்தினாலும் தெரிவதில்லை. புண் வந்தால் ஆறுவதில்லை. காலை எடுக்க வேண்டிய நிலை வந்தால் அந்தக் குடும்பத்தின் அடுப்பு எப்படி எரியும்? கணக்கு எழுதும் கிராணிக்கும் கண் மங்கினால் இதே கதிதான். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் போனால், அது ஆபத்தின் முதல் மணி. தையற்காரரின் அளவு நாடா ஒன்று இருந்தால் இன்றிரவே வீட்டில் பார்த்துவிடலாம்.

இந்த நிலை ஏன் வந்தது? லயத்தில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிமார் காண்டாவில் பால் வாளிகளைச் சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கினார்கள். இன்று பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் தாமான்களாகவும் மாறிவிட்டன. பிள்ளைகள் ஈப்போ தொழிற்சாலைகளில் நாள் முழுவதும் ஓரிடத்தில் நிற்கிறார்கள். கடைக்குப் போவதற்கும் மோட்டார் சைக்கிள்தான். உழைப்பின் அளவு குறைந்தது. ஆனால் தட்டில் விழும் சோற்றின் அளவு குறையவில்லை. அதோடு டின் பால் ஊற்றிய தேயும், ஈப்போ வெள்ளைக் கோப்பியும், புந்தோங் கச்சாங் பூத்தேயும் சேர்ந்துகொண்டன.

“நாளை முதல் குறைக்கிறேன்” என்று சொல்லாதவர் நம்மில் யார்? அந்த உறுதி ஏன் மூன்றாம் நாளே உடைகிறது? மனம் பலவீனம் என்று பலர் தம்மையே நொந்துகொள்கிறார்கள். என் எண்ணம் வேறு. குனோங் சீரோவில் காவடி எடுப்பவர் தைப்பூசத்தன்று காலையில் எழுந்தா அதை முடிவு செய்கிறார்? பல நாட்களுக்கு முன்பே விரதம் தொடங்குகிறார். வீட்டில் சமையல் மாறுகிறது. குடும்பமே அவரோடு சேர்ந்து நிற்கிறது. சம்பளப் பேச்சுக்குப் போகும் சங்கமும் கணக்கில்லாமல் போவதில்லை. உடம்பு விஷயத்தில் மட்டும் நாம் ஏற்பாடு எதுவுமின்றி இறங்குகிறோம். பசி வந்த வேளையில் முடிவு செய்தால் பசிதான் வெல்லும். பசி வருமுன் செய்த முடிவே நிற்கும்.

இதனால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். 2002ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வியாதியின் விளிம்பில் இருந்தவர்களுக்கு, எடையில் நூற்றுக்கு 7 பங்கு குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதும் இலக்காக வைக்கப்பட்டன. அவர்களிடையே புதிதாக இனிப்புநீர் வருவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. உணவையும் பழக்கத்தையும் மாற்றியவர்களில் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 39 பேருக்கு வியாதி வந்தது. மாற்றாதவர்களில் 55 பேருக்கு வந்தது. சென்னைக்காரர்களின் எடை பெரிதாக இறங்கவில்லை. ஆயினும் பலன் கிடைத்தது. ஆகவே தராசு முள் அசையவில்லையே என்று மனம் தளர வேண்டாம்.

இனி, ஏற்பாடு என்ன என்று பார்ப்போம்.

முதலாவது, கணக்கு. செக்ரோலில் ஒரு பேர் விட்டுப் போனால் பொறுக்காத நாம், வாய்க்குள் போவதை எழுதுவதில்லை. ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். நாளுக்கு ஐந்து கிளாஸ் தே, கிளாசுக்கு மூன்று தேக்கரண்டி சீனி என்றால், கரண்டி 5 கிராம் கணக்கில் 75 கிராம். மாதத்துக்கு இரண்டேகால் கிலோ! சாதாரண வயது வந்தவருக்கு நாளுக்குச் சுமார் 50 கிராமுக்குள் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒட்டுக்கடையில் உட்காருமுன்பே “குராங் மானிஸ்” என்று சொல்லத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பிறகு “தே ஓ கொசோங்” வரையிலும் போகலாம்.

இரண்டாவது, அடுக்களை. விடியுமுன் பெரட்டுக்குப் போய் மதியம் திரும்புபவருக்கு அகோரப் பசி எடுக்கும். அப்போது கண்ணில் படுவதே உணவு. ஆகவே முதல் நாள் இரவே அவித்த முட்டையோ கொண்டைக்கடலையோ கட்டி வையுங்கள். சம்பளத்தன்று சாமான் பட்டியலை வீட்டிலேயே எழுதிவிட்டுக் கடைக்குப் போங்கள். சுகாதார அமைச்சு சொல்லும் “சுக்கு சுக்கு செப்பாரோ” முறை எளிது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும். கங்கோங் கீரையும் வெண்டைக்காயும் முருங்கைக்கீரையும் பணக்காரர் உணவல்லவே!

மூன்றாவது, ஆபத்தான நாட்கள். தீபாவளி, கலியாண விருந்து, மழை பெய்து வேலையில்லாத நாள் ஆகியவை வரும் என்று முன்பே தெரியும். “விருந்துக்குப் போனால் முதலில் காய்கறி, சோறு ஒரே முறை”, “மழை வந்தால் வீட்டுக்குள் அரைமணி நேர வேலை” என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலை எழுதி வையுங்கள். ஒருநாள் தவறினால் மறுவேளையே திரும்புங்கள். முழு வாரத்தையும் கைவிடாதீர்கள்.

நான்காவது, நடை. நிரையில் நடந்து மரம் வெட்டுபவருக்கு அது போதிய உழைப்பு. நாற்காலியில் உட்காரும் நம் கிராணிமார்களுக்குத்தான் நாளுக்கு அரைமணி நடை கட்டாயம். துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டு நேரத்தைக் குறித்துவிடுங்கள்.

அவசரம் வேண்டாம். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். 80 கிலோ உள்ளவர் ஐந்தாறு கிலோ குறைத்தாலே பெரிய லாபம். ஏற்கனவே இனிப்புநீர் மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது. சீனி திடீரென்று இறங்கினால் உயிருக்கே மோசம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் சொக்சோ, பெக்கா பி40 போன்ற இலவசப் பரிசோதனைகளுக்குத் தங்களுக்குத் தகுதி உண்டா என்று விசாரித்துப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

தாய்மார்களின் தலையில் மட்டும் இதைச் சுமத்திவிடாதீர்கள், ஆண்களே! காய் நறுக்குவதும் பட்டியல் எழுதுவதும் உங்கள் வேலையும்தான். நம் தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் இனிச் சீனி தனியாக வைக்கப்படட்டும். வேண்டியவர் வேண்டிய அளவு போட்டுக்கொள்ளட்டும். உரிமைக்குப் போராடுபவனுக்கு உடம்பு வேண்டும். வென்றதை அனுபவிக்கவும் அந்த உடம்புதான் வேண்டும். அடுத்த சம்பள நாளுக்கு முன்பே ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பட்டியல் எழுதப்பட வேண்டும் என்று கேட்டு முடிக்கிறேன்.