கம்ப்யூட்டர் தெரிந்தவரா? கடல் தெரிந்தவரா?

(‘ஒரு மென்பொருள் உருவாக முதலில் வேண்டியவர் கம்ப்யூட்டர் தெரிந்தவரா, தொழில் தெரிந்தவரா?’ என்ற தலைப்பில், ‘தொழில் தெரிந்தவரே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! என்னைக் கவிழ்த்தே தீருவது என்று எதிரே உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் குடும்பத்தோடு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால பேசின தம்பி எஞ்சினியர். “சமைக்கத் தெரியாதவர் ஓட்டல் வைக்கலாமா?”ன்னு கேட்டார். தம்பி, எங்க ஊர்ல ஓட்டல் வச்சிருக்கிற பாதிப் பேருக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. ஆனா சாப்பிட வர்றவன் நாக்கு தெரியும்! (சிரிப்பு, கைதட்டல்)

நான் பிச்சாவரம் பக்கம், கிள்ளைக்காரன். மீன் ஏலத் தொழில். பிச்சாவரம்னா உங்களுக்குப் படகுச் சவாரி ஞாபகம் வரும், ‘இதயக்கனி’ படம் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வர்றது எங்க அப்பாவோட நீலக் கலர் கணக்கு நோட்டு. எந்தப் படகுக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தோம், இன்னிக்கு எத்தனை கூடை வந்தது, என்ன விலைக்குப் போச்சு, கமிஷன் எவ்வளவு... எல்லாம் அதுல. இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா நமக்கும் லாபம், மற்ற ஏலக்காரங்களுக்கும் விக்கலாம்னு எனக்கு ஒரு ஆசை. எனக்குக் கம்ப்யூட்டர்ல தெரிஞ்சது அதை அணைக்கிறது மட்டும்தான். வீட்டுக்காரம்மா வளையலை அடகு வச்சேன். சாஃப்ட்வேர் எழுதுற ஒரு பையனைப் பிடிச்சேன். “கணக்கு எழுதணும் தம்பி”ன்னேன். “சரிண்ணே”ன்னான். அரை மணி நேரம்கூடப் பேசல. மூணு மாசத்துல கொண்டு வந்துட்டான். பார்க்க அவ்வளவு அழகு!

ஏப்ரல் 15 வந்தது. மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு போகலேன்னா மீன் ஏது? மீன் இல்லேன்னா முன்பணத்துல கழிக்கிறது எப்படி? எங்க வழக்கம் என்ன? மீன்பாடு இருந்தா பிடிச்சுக்குவோம், இல்லேன்னா பேசாம இருப்போம். சொல்லப்போனா, தடைக்காலத்துல அரிசி வாங்க இன்னும் கொஞ்சம் கொடுப்போம். நம்ம கம்ப்யூட்டருக்கு அது தெரியுமா? அது பேங்க் கடன் மாதிரி மாசத் தவணை போட்டு, அபராதம் போட்டு, ‘தவணை தவறியவர்’னு சீட்டு அடிச்சுக் கொடுத்துடுச்சு. நானும் பார்க்காம ஆள்கிட்ட கொடுத்து அனுப்பிட்டேன். எங்க அப்பா காலத்துலேர்ந்து எங்ககிட்ட மீன் போடுற ஒரு பெரியவர், அந்தச் சீட்டை எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து நின்னார். “முப்பது வருஷத்துல உங்கப்பன் என்னை இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லடா”ன்னார். திண்ணையில உட்காரக்கூட இல்லீங்க.

தப்பு யார் மேல? அந்தப் பையன் மேலயா? இல்லீங்க. அவன் கடலைப் பார்த்தவன் இல்ல. சொல்ல வேண்டியவன் நான். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானேன்னு சொல்லாம விட்டுட்டேன்.

எங்க ஊர்க் காட்டையே எடுத்துக்கோங்க. பிச்சாவரத்துல சுரபுன்னையும் கண்டலும் பல இடத்துல பட்டுப்போய்ப் பொட்டலாக் கிடந்தது. ஊர்க்காரங்க வெட்டுறாங்க, மாடு மேயுதுன்னு பழி போட்டாங்க. 1988-ல சென்னையில எம்.எஸ். சுவாமிநாதன் ஐயா ஆரம்பிச்ச ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க வந்து தரையைப் பார்த்தாங்க. முன்னாடி காலத்துல மொத்தமா வெட்டின இடத்துல மண்ணு தாழ்ந்து தாம்பாளம் மாதிரி ஆயிருக்கு. அலைத்தண்ணி உள்ள வருது, திரும்பிப் போக வழியில்ல. வெயில்ல வத்தி உப்பு ஏறுது. அப்புறம் செடி எங்க பிழைக்கும்? ஊர் ஜனங்களையும் சேர்த்துக்கிட்டு, மீன் முள்ளு மாதிரி கால்வாய் வெட்டித் தண்ணியை ஓட விட்டாங்க. அப்புறம்தான் கன்னு நட்டாங்க. இன்னிக்குப் போய்ப் பாருங்க, பச்சை! (கைதட்டல்)

அதே நிறுவனம்தான், நடுவர் அவர்களே, 2007-ல ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’னு மீனவனுக்குச் செல்போன்ல ஒரு மென்பொருள் கொண்டு வந்தது. ஐயா யாரு? பயிர் விஞ்ஞானி! அவங்க நிறுவனம் சாஃப்ட்வேர் கம்பெனியா? கிடையாது. எழுதினது வேற ஒரு கம்பெனி, கைகொடுத்தது குவால்காமும் டாடாவும், கடல் நிலவரம் கொடுத்தது ஹைதராபாத்துல இருக்கிற இன்காய்ஸ். அப்போ இவங்க கொண்டு வந்தது என்ன? மீனவனுக்கு எது வேணும்ங்கிற அறிவு! அது 2007-ல திடீர்னு வரல. 1990-கள் கடைசியிலேயே புதுச்சேரி வீராம்பட்டினத்துல, அமெரிக்கக் கடற்படை இன்டர்நெட்டுல போடுற அலை உயரத்தை எடுத்துத் தமிழ்ல ஒலிபெருக்கியில சொல்லிக்கிட்டிருந்தாங்க. மீனவன் காலையில முதல்ல கேக்கறது அலையைத்தான்னு அங்கேயே தெரிஞ்சுபோச்சு. பின்னாடி ஸ்மார்ட்போன் வந்ததும் எல்லைக் கோட்டை நெருங்கினா எச்சரிக்கை, ஆபத்துன்னா உதவிக்குக் கூப்பிட ஒரு பொத்தான்... ஒவ்வொண்ணும் கடல்ல உயிருக்குப் பயந்தவன் கேட்கிற கேள்விங்க.

எதிரணித் தம்பி, “அப்போ எழுதுறவன் வேண்டாமா?”ன்னு முறைக்கிறார். வேணும் ராஜா! நீ இல்லாம எப்படி? ஆனா நீ ஏ.சி. ரூம்ல உட்கார்ந்து எழுதாதே. எங்க பையனை நான் மறுபடி கூப்பிட்டேன். விடிகாலை நாலு மணிக்கு முடசல் ஓடையில ஏலத்துல நிக்க வச்சேன். பத்து நாள். மீன் நாத்தத்துல முதல் நாள் டீயைக்கூடக் குடிக்கல. (சிரிப்பு) மூணாம் நாள் அவனே கேட்டான், “அண்ணே, ஈரக் கையோட இந்தச் சின்னப் பொத்தானை எப்படி அழுத்துவீங்க?” அந்தக் கேள்வியை எனக்குக் கேக்கத் தெரியல பாருங்க! பொத்தானைப் பெருசாக்கினான். தவணையைத் தூக்கினான். தடைக்காலத்துக்குத் தனியா ஒரு பக்கம் வச்சான். ‘தவணை தவறியவர்’ங்கிற வார்த்தையே இப்ப அதுல இல்ல.

வித்துச்சான்னு கேக்கறீங்களா? இதுவரைக்கும் நாலு பேர் வாங்கியிருக்காங்க. வளையல் இன்னும் பாதிதான் மீண்டிருக்கு. (சிரிப்பு) அந்தப் பெரியவர்கிட்ட புதுச் சீட்டை நானே நேர்ல எடுத்துக்கிட்டுப் போனேன். கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு வரியா விரலை வச்சுப் படிச்சார். “கெளுத்தி மூணு கூடைல்ல, ரெண்டுன்னு போட்டிருக்கே”ன்னார். திருத்தினேன். “உட்காரு, டீ குடிச்சுட்டுப் போ”ன்னார்.

நடுவர் ஐயா மணியில கை வச்சுட்டார். (கைதட்டல்)