எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் தாருங்கள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



பொதுக்கூட்டங்களுக்கு ஏன் வருவதில்லை என்று எங்களைப் பல தடவை கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் ஏதோவொரு சாட்டுச் சொன்னோம். இன்று உண்மையைச் சொல்லிவிடுகிறோம். வெவ்வேறு ஆண்டுகளில் இங்கே படித்த நாங்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள். கிளினிக் வாங்கில் காத்திருந்தபோதுதான் ஒருவரையொருவர் கண்டுபிடித்தோம். "நீங்கள் எந்த இல்லம்?" என்றுதான் கதை தொடங்கியது.

பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்து சிறிது காலத்துக்குள்ளோ வளரும் மூளைக்கு ஏற்படும் பாதிப்பு இது. கிரகணமும் காரணமல்ல, முற்பிறப்பும் காரணமல்ல. கலியாண வீடுகளில் எங்களிடம் அதைத்தான் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறோம். மூளையில் ஏற்பட்ட அந்தப் பாதிப்பு நாளுக்கு நாள் கூடுவதில்லை. பிள்ளையின் நிறைதான் கூடுகிறது. மூன்று வயதில் இடுப்பில் தூக்கிய பிள்ளையைப் பதின்மூன்று வயதிலும் கட்டிலிலிருந்து கதிரைக்கும் கதிரையிலிருந்து குளியலறைக்கும் தூக்குகிறோம். எங்கள் முதுகுகளுக்கும் வயது போகிறது.

ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும். நிமிர்த்தி இருத்தி, சோற்றை மசித்து, சின்னக் கரண்டியால் ஊட்டி, விழுங்கியாயிற்றா என்று பார்த்து, அதன் பிறகுதான் அடுத்த வாய். அவசரப்பட்டால் உணவு சுவாசப்பைக்குள் போய் நியூமோனியாவில் கொண்டுபோய் விடும். இரவில் தசை இறுகிப் பிள்ளை அழும்போது எழும்பிப் புரட்டிவிட வேண்டும்.

எங்களில் ஒருத்தி கிடைத்த ஆசிரியர் நியமனத்தை ஏற்கவில்லை. இன்னொருத்தியின் கணவர் பகலில் கடையிலும் இரவில் காவலிலும் நிற்கிறார். தகப்பன்மாரின் களைப்பை யாரும் விசாரிப்பதேயில்லை. மூத்த பிள்ளைகள் தம்பியைப் பார்ப்பதற்காக ரியூசனை விடுகிறார்கள்.

இதையும் சொல்லத்தான் வேண்டும். ஓர் இரவு எங்களில் ஒருத்தி, அழுத பிள்ளையை அப்படியே விட்டுவிட்டுக் கிணற்றடியில் போய் நின்றாள். ஏன் போனாள் என்று நினைக்க அவளுக்கே பயமாக இருந்தது. அதை எங்களிடம் சொல்ல அவளுக்கு இரண்டு வருடம் எடுத்தது. கேட்ட ஐவரில் ஒருவரும் அதிர்ச்சியடையவில்லை.

சட்டம் இல்லையென்று சொல்லமாட்டோம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை 2016இல் நாடு ஏற்று உறுதிப்படுத்தியது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025இல் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகியது. அந்தக் காசு ஓட்டோவுக்கும் பம்பஸுக்கும் போய்விடும். ஆனாலும் அது பெரிய உதவிதான். ஆனால் இவற்றில் எதுவும் வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்காதே.

வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகள் அன்போடு சக்கர நாற்காலிகள் அனுப்புகிறீர்கள். ஒன்று பிள்ளைக்குப் பெரிதாக இருந்தது. உடல் ஒரு பக்கம் சரிந்தது. இன்னொன்று மணல் ஒழுங்கையில் புதைந்தது. நாற்காலி அளவெடுத்துத் தைக்கும் சட்டை மாதிரி. அனுப்ப முன் எங்களைக் கேளுங்கள். அந்தக் காசில் இங்கேயே ஓர் உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

ஊரிலிருப்பவர்களிடம் காசு கேட்கவில்லை. சனிக்கிழமையில் இரண்டு மணித்தியாலம் கேட்கிறோம். சமைக்க வேண்டாம், வீடு கூட்ட வேண்டாம். பிள்ளையோடு இருங்கள். எப்படித் தூக்குவது, எப்படி ஊட்டுவது என்று முதல் மூன்று சனிக்கிழமையும் நாங்கள் பக்கத்தில் நின்று காட்டுவோம். அதன் பிறகு நாங்கள் வெளியே போவோம். எங்கே போவோம் என்று கேட்காதீர்கள். சிலவேளை அடுத்த அறையில் படுத்து நித்திரை கொள்வோம்.

அதிபரிடமும் ஒரு வேண்டுகோள். இன்று எங்கள் மகள் ஒருத்தியை இந்த மண்டபப் படிகளில் நாற்காலியோடு நாலு பேர் தூக்கி வந்தார்கள். அவளுக்குப் பதினாறு வயது, வெட்கப்பட்டாள். நூற்றாண்டுக் கட்டடத்துக்குச் சாய்தளம் போடுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் இருந்தால் ஒருவர் தனியே தள்ளிக்கொண்டு ஏறலாம்.

வாசலில் செயலாளரிடம் ஒரு கொப்பி இருக்கிறது. பெயரோடு, எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணி என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். நாங்கள் ஐந்து மணிக்கு முன் வீட்டில் நிற்க வேண்டும்.