எசூர் வேதமும் ஆகமச் சுவடியும்



புதுவையில் கும்பாபிஷேகம் நிகழும்போதெல்லாம் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1748இல் ஆங்கிலேயர் இந்நகரை முற்றுகையிட்டிருந்த நாளில், ஆளுநர் துய்ப்ளேக்சின் ஆணையால் வேதபுரீசர் திருக்கோயில் இடிக்கப்பெற்றது. அருகிலிருந்த இயேசு சபையார் நெடுங்காலம் வேண்டிநின்றதும் அதுவே. ஆனந்தரங்கப் பிள்ளை அதனை மனம் நொந்து தம் நாட்குறிப்பில் வரைந்துவைத்தார். பின்னர் நகரின் வேறோரிடத்தில் கோயில் மீண்டும் எழுந்தது.

பன்னிரண்டு ஆண்டு கழிந்து, 1760இல், இக்கரையிலிருந்து மீண்ட மோதாவ் என்னும் பிரெஞ்சு அதிகாரி, 'எசூர் வேதம்' என்றொரு சுவடியை அறிஞர் வால்த்தேரிடம் சேர்ப்பித்தார். வியாசரும் சுமந்துவும் பிரெஞ்சு மொழியில் உரையாடும் விந்தை நூல் அது! ஒரே கடவுளைப் போற்றி, உருவ வழிபாட்டைக் கடிந்தது. வால்த்தேர் அதனைத் தொன்னூலென்றே நம்பி 1761இல் அரசர் நூலகத்துக்கு அளித்தார். திருச்சபையைச் சாடவும் அதனையே கருவியாக்கினார். 1782இல் சோனரா என்பார் அது பாதிரிமார் புனைவு என்றார். புதுவைப் பாதிரிமாரிடம் இருந்த படிகளைக் கண்டு எல்லிஸ் துரை எழுதிய கட்டுரை, அவர் மறைந்தபின் 1822இல் வெளிவந்தது.

புனைவு வெளிப்பட்டும், அதற்கு இடந்தந்த எண்ணம் அகலவில்லை. ஒரு சமயத்தை அறிய அதன் பழைய மறைநூலைப் படித்தால் போதும் என்பதே அவ்வெண்ணம். மாக்ஸ் முல்லர் தொடங்கிய கீழைநாட்டுத் திருநூல் வரிசை 1879 முதல் 1910 வரை 50 தொகுதிகளாக வந்தது. அதில் சைவாகமம் ஒன்றேனும் இல்லை, தேவாரமும் இல்லை. ஆகவே திருக்கோயிற் பூசை பிற்காலச் சிதைவு என்னும் கருத்து வேரூன்றிற்று. கற்ற தமிழரும் பலர் அவ்வாறே பேசத் தலைப்பட்டனர். கோயில் இடிந்ததினும் இது பெரிய கேடு.

மூர்த்தியின் சாந்நித்தியம் கலாகர்ஷணத்தால் கும்பத்தில் எழுந்தருளி, யாகசாலையிற் பூசைகொண்டு, மீண்டும் மூர்த்தியில் நிலைபெறும் முறையை விதிப்பன ஆகமங்களே. காமிகம், காரணம் முதலியவற்றைச் சைவர் தாமே கிரந்த எழுத்தில் அச்சிட்டிருந்தனர். அயலார் வந்தே கண்டெடுத்தனர் என்றல் பொருந்தாது. எனினும் 1955இல் பிலியோசா இந்நகரில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை அமைத்தபின்னரே ஆகமம் மேனாட்டாராய்ச்சியில் உரிய இடம் பெற்றது. என். ஆர். பட் முதலிய பண்டிதர் ஊர்தோறும் சென்று ஏடுகளைத் திரட்டினர். ரௌரவாகமத்தின் முதற்பகுதி 1961இல் பாடபேதங்களுடன் வந்தது. ஏறத்தாழ 11,000 சுவடிகள் கொண்ட புதுவைச் சைவத் தொகுதியை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

ஏடு பிழைத்தது நன்றே. ஆயின் குருக்கள்மார் அதனைப் போற்றிவந்தது பூசை செய்தற்பொருட்டு. முத்திரையும் மந்திர உச்சரிப்பும் இன்றும் ஆசான் கையிலிருந்தே மாணாக்கன் கைக்கு வரவேண்டும். அங்ஙனம் பயில்வோர் எத்தனை பேர் என்பதை அன்பர்கள் தத்தம் ஊர்க் கோயிலிற் கேட்டறிக.